பார்த்துவிட்டுச் சொல்கிறவர்

வெளியே மழையா அண்ணே என்று கேட்டால், நனைந்த தலையோடு அப்போதுதான் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தாலும், எழுந்து வாசலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். வருகிறபோது பெய்தது, இப்போது விட்டுவிட்டது என்பார். அட்டன் மழை அப்படிப்பட்டதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்டது ஒரு பேச்சுக்கு. பேச்சுக்குக் கேட்கிற கேள்வி என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் அக்கா சுகமா என்று அவர் மனைவியை விசாரித்தாலும் அதே கதைதான். "காலையில வர்றப்ப நல்லா இருந்தா தம்பி. இப்ப எப்படின்னு போய்ப் பாத்துட்டுதாங்க சொல்லணும்." முதல் தடவை சிரித்தேன். பிறகு பிறகு எரிச்சல் வந்தது. நான் கொஞ்சம் முன்கோபக்காரன், அவரோ எதற்கும் அவசரப்படாதவர். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று என் மனைவி ஆச்சரியப்படுவாள்.

எனக்கு இலங்கை மலைநாட்டில், அட்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை பிட்டர். எஞ்சின், இலை காயவைக்கும் அடுப்பு, நீராவிக் குழாய், அதன் அழுத்தத்தைக் காட்டும் மானிகள் எல்லாம் அவர் பொறுப்பு. தொழிற்சாலை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் வந்தார், அப்படித்தான் பழக்கம். பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவரே வந்து நின்று, இத நீங்க பாத்தீங்களா தம்பி என்று வரிக்கு வரி கேட்பார் போலிருக்கிறது.

ஒரு தடவை தோட்டத்தில் யாரோ நிழல் மரம் ஒன்றை விறகுக்கு வெட்டிவிட்டார்கள். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா விசாரணை வைத்து இவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். பிடிபட்டவன் லயத்து வரிசை வீடுகளில் இவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த பல வருடப் பகையாளி. கோடரிச் சத்தம் கேட்டதைச் சொன்னார். அவன் கோடரியோடு வந்ததைச் சொன்னார். விறகு அவன் வாசலில் கிடந்ததையும் சொன்னார். அப்படியென்றால் வெட்டியது அவன்தானே என்றதற்கு மட்டும், அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். அவன் தப்பித்துக்கொண்டான். அதற்காக இவரிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசினானா என்றால் அதுவும் இல்லை. இவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பார்க்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். மகேசு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் பழகிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கும் எதிர்க்கரைத் தார் ரோட்டுக்கும் நடுவில் நீர்த்தேக்கம். அணை கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் தேயிலை மலையும் லயங்களும் இருந்தன. நிழல் மரங்களைக்கூட வெட்டாமல் நின்றபடியே மூழ்கவிட்டார்கள். சுற்றி நடந்தால் பாதி நாள் போய்விடும் என்பதால் சனங்கள் ஒரு மரத் தோணியில் கடப்பார்கள். ஒரு நாள் காற்றில் அந்தத் தோணி கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள். மூழ்கினவர்களின் உடல்கள் அடுத்தடுத்த நாட்களில் கிடைத்தன. மகேசு மட்டும் கிடைக்கவில்லை.

அவள் தோணியில் ஏறினாளா என்பதையே உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. தப்பி வந்த ஒருத்தி, மகேசு பின்னால் உட்கார்ந்திருந்தாள் என்றாள். இன்னொருத்தி, அது வேறு தோட்டத்துப் பிள்ளை என்றாள். தோணிக்காரன் அழுதான், அவ்வளவுதான். கொழும்பு வீடுகளில் வேலைக்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தரகன் ஒருவன் அதே வாரம் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் சொல்லாமல் அவனோடு போன பிள்ளைகளும் உண்டு. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். மகேசு தோணியில் ஏறவே இல்லை, கொழும்பில் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவுகிறாள், ஒரு நாள் வந்து நிற்பாள். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு வாழைத்தண்டைக் கிடத்தி, கோடித்துணி போர்த்தி, எடுத்துப் போய்க் காரியம் செய்வது அந்தத் தோட்டத்து வழக்கம். சொந்தக்காரர்கள் தண்டை வெட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள். அக்கா வெளியே வந்து பார்த்தார்.

"இந்த வாழத்தண்டா எம் புள்ள?" என்று கேட்டுவிட்டு, அதைத் தூக்கி வாசலோரச் சாக்கடைக் காணுக்குள் போட்டுவிட்டார்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நீயாவது எடுத்துச் சொல்லு, நீதானே தகப்பன் என்றார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டார். பெற்ற பிள்ளைக்குக் காரியம் செய்ய மாட்டேன் என்கிறானே, இவனெல்லாம் ஒரு மனிதனா என்று திட்டிவிட்டுப் போனார்கள். நானும் அப்போது மனதுக்குள் திட்டினவன்தான்.

இதற்கு நடுவில் அவர்களுக்கு இந்தியாவுக்குப் போகும் பாஸ்போர்ட் வந்திருந்தது. அந்த வருடங்களில் தோட்டந்தோட்டமாகச் சனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தியப் பிரஜை ஆகிவிட்டால் தோட்டத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள், பிறகு வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. எஞ்சினை அவரைப் போல் கவனிக்க வேறு ஆள் இல்லாததால் தோட்டத்துத் துரை தவணை தவணையாக நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவோ அசைவதாக இல்லை. மகேசு வந்து கதவைத் தட்டுகிறபோது வேறு யாராவது வந்து திறந்தால் பிள்ளை எங்கே போகும் என்பார். சாப்பாடு குறைந்துகொண்டே போனது. கொழுந்துக்கூடையைத் தூக்கத் தெம்பில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு முறை படுக்கவைத்து எடுத்து வந்தார்கள். இந்தப் பெண் மகளுக்காகக் காத்திருந்தே செத்துப்போகும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். என் மனைவியும் சொன்னாள்.

அப்போதுதான் அவர் கடைக்கு வந்து, "தண்ணிக்குள்ள போய்ப் பாக்கணும் தம்பி" என்றார்.

அணை கட்டின காலத்தில் அவர் இளந்தாரி. தண்ணீருக்குள் இறங்கி வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்குக் காற்றுக் குழாய் பிடித்தவர், சில தடவை கூடவே இறங்கியும் இருக்கிறார். கரையிலிருந்து குழாயில் காற்று அனுப்புவது இங்கே சரிவராது, மூழ்கிக் கிடக்கும் மரங்களில் சிக்கும் என்றார். ஆகவே விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் ஒரு கருவியைச் செய்யப் போகிறார். மூச்சில் வரும் கெட்ட காற்றைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். செலவாகும் ஒட்சிசனை வெல்டிங் கடைச் சின்னச் சிலிண்டரிலிருந்து விட்டுக்கொள்ள வேண்டும். லொறி டியூப்பில் செய்த பை ஒன்று நெஞ்சில் தொங்கும். அந்த வெள்ளைக்காரர் சில நாள் குழாயை விட்டுவிட்டு இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன் என்றார். அவர் பார்த்தேன் என்றால் அதற்குமேல் நான் என்ன கேட்பது?

ஓர் ஆபத்து மட்டும் இருந்தது. வெறும் ஒட்சிசனை இழுத்துக்கொண்டு இருபது அடிக்குக் கீழே போனால் வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ஆள் திரும்பி வர மாட்டான். கலங்கின தண்ணீரில் முள் வைத்த மானியை மூக்குக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. ஆழத்தின் அழுத்தத்தை உணர்ந்து, எல்லையைத் தாண்டும் முன் காதோரம் சத்தம் போடுகிற எலக்ட்ரானிக் சென்சர் ஒன்று வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்குத்தான் என்னிடம் வந்திருந்தார். மாசி பங்குனியில் மட்டும் தேக்கம் வற்றும், தோணி கவிழ்ந்த இடத்தில் மரநுனிகள் வெளியே தெரியும். அந்தச் சமயத்தை விட்டால் மறுபடி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

முதலில் லொறி எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தைச் சொல்லும் சாமானைக் கழற்றிக் கொடுத்தேன். இருபது அடித் தண்ணீர் அதற்குக் கொசு கடித்த மாதிரி, உணரவே இல்லை. பிறகு கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் உடைந்துபோன துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் மட்டம் பார்க்கும் சுவிட்ச் கிடைத்தது. அது வாளித் தண்ணீருக்கே கத்தியது. ஒவ்வொன்றையும் கொண்டுபோய் நாள்கணக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு பழைய பேப்பரில் அழகாகச் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். "பாத்தேன் தம்பி. சரிவரல." அவ்வளவுதான். கோபமோ ஏமாற்றமோ முகத்தில் இருக்காது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக, இறக்குமதியெல்லாம் திறந்துவிடப்பட்டு, கொழும்பு புறக்கோட்டையில் எதைக் கேட்டாலும் கிடைத்த சமயத்தில், ஜப்பான்காரன் செய்த ஒன்றை வாங்கி வந்தேன். விரல் நுனி அளவு உலோகக் குப்பி, நாலு கால், மேலே சின்ன மூக்கு. வெறும் காற்றில் இவ்வளவு காட்டும், தண்ணீரில் இவ்வளவு காட்டும் என்று கூடவே ஒரு தாள். மேசையில் மீட்டரைக் கொடுத்துப் பார்த்தால் வெறும் காற்றிலேயே குறைவாகக் காட்டுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் குறைவுதான்.

"தண்ணியில போடறதுக்கு முன்னாடியே தப்பு சொல்லுது தம்பி. இத நம்பி எறங்க முடியாது" என்றார்.

கொழும்புக்குக் கொண்டுபோய்க் கடை முதலாளியிடம் சண்டை பிடித்தேன். அவர் தன் மேசையில் வைத்து மீட்டரைக் கொடுத்தார். தாளில் இருந்தபடி அப்படியே காட்டியது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேறொன்றை மாற்றி வாங்கி வந்தேன். அட்டனுக்கு வந்து பார்த்தால் அதுவும் குறைவு. இந்த இழுபறியில் ஒரு பங்குனி முழுதாகப் போய்விட்டது. அக்கா இன்னும் மெலிந்துபோனார்.

ஒரு நாள் அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, கொழும்பில் சரி, இங்கே தப்பு, நடுவில் கினிகத்தேனையில் எப்படி இருக்கும் என்று கேட்டார். சிரிக்கப் போன நான் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் நான். கொதிக்கும் நீராவியோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்தினவர் அவர். ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் மலையிலேயே என்பதால் மலை எங்களுக்குத் தரையாகிவிட்டது. கடல் மட்டத்துக்குச் செய்த சாமானை நாலாயிரம் அடி உயரத்தில் வைத்துக்கொண்டு, அது பொய் சொல்கிறது என்று வருடம் பூராவும் வைதிருக்கிறோம். கொழும்புக்காரன் இந்தத் தவறைச் செய்திருக்கவே மாட்டான்.

அது தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். தேக்கத்துத் தண்ணீரின் மேல்மட்டத்தில் சென்சர் என்ன காட்டுகிறதோ அதையே பூச்சியமாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அவர் விடவில்லை. பார்க்க வேண்டுமாம். மலைநாட்டு ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து உயரமும் எழுதியிருக்கும். சென்சரையும் மீட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு கோச்சியில் ஏறினார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஒவ்வொரு நிலையத்திலும் பலகையைப் பார்ப்பார், மீட்டரைப் பார்ப்பார். வட்டகொடையில் ஏறின ஒரு சிங்களப் பொலிஸ்காரர் வயர்களைக் கண்டு முகம் மாறி, இது என்ன என்று அதட்டினார். காலம் அப்படி, நான் அவசரமாக அடையாள அட்டையை எடுத்தேன். இவர் நிதானமாகச் சிங்களத்தில், உயரம் பார்க்கிற சாமான் மாத்தயா என்றார். அப்படியானால் இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், சொல் பார்க்கலாம் என்றார் அவர். அடுத்த ஸ்டேஷன் பலகையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் இவர். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். நானுஓயா வரைக்கும் மீட்டரைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, முள் இறங்குவதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கதையில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

தண்ணீரின் அழுத்தத்தை அவர் மலைச்சரிவில் வைத்துப் பார்த்தார். நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேலே பிடிக்க வேண்டும். மறுமுனை சென்சரோடு கீழே. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம் கீழே இருக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். மேல்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்கா. மகள் தண்ணீரில் இல்லவே இல்லை என்று சாதித்த அதே மனுசி, புருசன் சொன்ன இடத்தில் எல்லாம் ஏறி இறங்கி, ஒல்லிக் கையால் குழாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று பதினெட்டு அடியில் பஸர் கத்தியது. மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே அடியில் கத்தியது.

"பாத்தேன் தம்பி. சரியா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மாசியில் இறங்கினார். விடிந்ததும், வேலைக்குப் பெரட்டுக் கூடுவதற்கு முன், பனி தண்ணீரைவிட்டு எழும்பாத நேரம். அவர் இடுப்பில் கட்டின கயிற்றின் மறுமுனை என் கையில். அக்கா கரை மேட்டில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தினமும் வருவார், தினமும் அப்படியே உட்கார்ந்திருப்பார். இவர் ஏறி வந்து, மரக்கிளைதான் தென்பட்டது, தரை இன்னும் கீழே இருக்கிறது என்பார். பதினெட்டில் பஸர் கத்தினதும் திரும்பிவிடுவார். இப்படிச் சில நாட்கள் போயின.

பிறகு ஒரு நாள், "மரத்தோட அடி இன்னும் கீழதான் தம்பி இருக்கு. இருபத்தஞ்சுக்கு வச்சுக் குடுங்க" என்றார்.

முடியாது என்றேன். சத்தம் போட்டேன். எத்தனை சாமான் மாற்றி, ஒரு வருடம் பாழாக்கி, எதற்காக இதைச் செய்தோம் என்று கேட்டேன். அவர் பையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுப் போனார். மறுநாள் பஸர் கத்தக் கத்தக் கீழே போயிருக்கிறார். நான் கயிற்றை இழுத்துத்தான் ஏற்றினேன். கரையில் உட்கார்ந்து தேத்தண்ணீரை வாயில் வைத்தபோது உதடு தானாகத் துடித்து ஒரு பக்கம் கோணியது, தேத்தண்ணீர் மார்பில் கொட்டியது. அக்கா எப்போது திரும்பினார் என்று தெரியாது. இறங்கி வந்து முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

நாளைக்கு இறங்க வேண்டாம் என்று நான் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். பாக்காம விட முடியாதுங்க என்றார்.

அடுத்த நாள் நெடுநேரம் கீழே இருந்தார். அக்கா அன்று மேட்டில் உட்காரவில்லை, தண்ணீர் ஓரமாகவே நின்றார். இவர் மேலே வந்ததும் நான் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பிடித்துக்கொண்டேன். வாயிலிருந்த குழாயை எடுத்ததும் என் காதோடு, "ஒன்னுமே தெரியல தம்பி. வெறும் சேறு" என்றார். உதடு மறுபடி துடித்துக்கொண்டிருந்தது. கரைக்கு வந்தோம். அக்கா கிட்டத்தில் வந்தார்.

"பாத்தீங்களா?"

இவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குழிவிழுந்த கன்னத்தை, எலும்புக் கையைப் பார்த்தார்.

"பாத்தேன்" என்றார்.



"எங்க?"

"பெரிய மரத்துக்கு அடியில. காலெலும்பு ரெண்டும் சேத்துல கெடந்துச்சு. கொலுசு தெரிஞ்சுது. நம்ம புள்ளதான். அத இனி எடுக்க முடியாது."

அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நம்பவில்லை என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அறைந்துகொண்டு, அப்படியே கரையில் சரிந்தார். எத்தனை நாளாக அடக்கிவைத்த அழுகையோ. லயத்திலிருந்து சனம் ஓடி வந்தது. நான் கயிற்றைச் சுருட்டுவது போலத் திரும்பி நின்று அழுதேன்.

இந்த முறை வாழைத்தண்டை இவரே வெட்டினார். தப்பு மேளம் அடித்து எடுத்துப்போனார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், இருந்தும் கூடவே போய் மண் போட்டேன். அதன்பின் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தார். இந்தியாவுக்குப் போகவும் சம்மதித்தார்.

இவர்தான் தேய்ந்துபோனார். கருவியைப் பிரித்துப் போட்டுவிட்டு, சென்சரைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சாமான், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு நாள் பழக்கதோஷத்தில், வெளியே மழையா அண்ணே என்று கேட்டுவிட்டேன். இருந்த இடத்தை விட்டு எழும்பாமல், பெய்யும்ங்க என்றார். அன்று நல்ல வெயில். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒருவேள அவ கொழும்புலதான் இருந்தான்னா? உசுரோட இருக்கற புள்ளைக்குக் காரியம் பண்ணிட்டேனே தம்பி."

அப்படியெல்லாம் இருக்காது அண்ணே என்றேன். வேறென்ன சொல்வது?

தலைமன்னார்க் கப்பலுக்குச் சனங்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள். அட்டன் ஸ்டேஷனில் அன்று காலடி வைக்க இடமில்லை. அவர் தேயிலைப் பெட்டிகளில் அடைத்த சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்து ஒரு தூணோரம் கூட்டிப்போனார். மடியிலிருந்த சின்னத் துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு சோடி வெள்ளிக் கொலுசு.

"மகேசோடது தம்பி. திருகு கழண்டுருச்சு, சரிபண்ணி வைம்மான்னு அன்னைக்குக் காலையில ரெண்டையும் கழட்டி என்கிட்டதான் குடுத்துட்டுப் போனா. அவரு அதுக்கு முந்தியே பேக்டரிக்குப் போயிட்டாரு. அவருக்குத் தெரியாது."

"அப்ப ஏன்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் நம்பலன்னா மறுநாளும் எறங்கியிருப்பாரு. வாய் கோணினத பாத்தேன்ல. புள்ள இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இவராச்சும் இருக்கட்டும்னுதான் அழுதேன்."

முடிச்சைத் திரும்பக் கட்டி மடியில் செருகிக்கொண்டார். அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்றார். மகேசு என்றைக்காவது வந்தால் லயத்தில் வேறு ஆட்கள்தான் இருப்பார்கள், அப்பா வந்துபோகிற கடை என்று உங்கள் கடையைத் தேடித்தான் வருவாள், வந்தால் அம்மா காத்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

வண்டி புறப்படும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டார். போய்விட்டு வருகிறோம் என்றார்கள் அண்ணே என்றேன். சரிங்க தம்பி என்றார். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வண்டி முழுக்க ஒப்பாரி. அக்கா அவர் தோளில் சாய்ந்திருந்தார். அக்காவின் ஒரு கை மடியிலிருந்த முடிச்சின்மேல் இருந்தது.

கடையைப் பெரிய தெருவுக்கு மாற்றினால் நாலு வியாபாரம் நடக்கும் என்று என் மனைவி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். நான் அதே சந்தில்தான் இருக்கிறேன். மகேசு உயிரோடு இருந்தால் இந்நேரம் அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாசலில் யாராவது ஒரு பெண் பெயர்ப் பலகையை வாசித்துக்கொண்டு தயங்கி நின்றால், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்து போய், முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.